ஆர்கன் பெஞ்சில் நாற்பது வருடம்: பாஸ்டரம்மா ஆல்பர்ட்டா கிங்

எல்லாருக்கும் வணக்கம். கேமரா கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டு எங்கே போனதென்று தெரியவில்லை, பாட்டுப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனை வைத்திருக்கிறேன்.

பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், என் கணவர் போதகர். ஆராதனைக்குக் கீபோர்டு வாசிப்பது நான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாசிக்கிறேன். ஆனால் சபைக்குப் புதிதாக யார் வந்தாலும், "இவங்க நம்ம பாஸ்டரம்மா, கீபோர்டும் வாசிப்பாங்க" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார்கள். அந்தக் 'கீபோர்டும்' என்பதில் இருக்கிற 'உம்', அது என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

அந்த உறுத்தலில்தான் இன்றைக்கு ஆல்பர்ட்டா வில்லியம்ஸ் கிங்கைப் பற்றிப் பேச வந்தேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் அம்மா. பார்த்தீர்களா, நானே அவரை 'அம்மா' என்று சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. சரி, இதோடு அதை விட்டுவிட்டு ஆர்கன் பக்கம் போவோம்.

அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா. அங்கே ஆபர்ன் அவென்யூவில் எபனேசர் பாப்டிஸ்ட் சபை. ஆல்பர்ட்டாவின் அப்பா ஏ.டி. வில்லியம்ஸ் 1894-இலிருந்து அங்கே போதகர். ஆக, பாஸ்டர் வீட்டுப் பிள்ளை. ஆராதனை எத்தனை மணிக்கு முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத வீட்டில் வளர்ந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெல்மனில் பள்ளிப் படிப்பு, பிறகு வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி. 1924-இல் சான்றிதழ் வாங்கிவிட்டார். கொஞ்ச நாள் பாடமும் நடத்தினார். அப்புறம் கல்யாணம். அந்தக் காலத்தில் அங்கே கல்யாணமான பெண் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கக் கூடாது, அதுதான் விதி. 1926 நவம்பர் 25-இல் எபனேசர் சபையிலேயே திருமணம் நடந்தது, அதோடு வேலையும் போனது. மாப்பிள்ளை கிராமத்திலிருந்து வந்தவர், குத்தகை விவசாயியின் மகன். வயது வந்தபிறகு சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பள்ளிப் படிப்பை முடித்தவர். படிப்பில் பெண்தான் முன்னால் இருந்தார் என்பதை அந்தக் குடும்பத்தில் யாரும் மறைத்ததில்லை.

கணவனும் மனைவியும் 501 ஆபர்ன் அவென்யூவில் பெண்வீட்டாரோடுதான் குடியிருந்தார்கள். கிறிஸ்டின் 1927, மார்ட்டின் 1929, ஏ.டி. 1930. மூன்று பிள்ளைகளும் அந்த வீட்டிலேயே பிறந்தார்கள்.

1931-இல் அப்பா தவறிவிட, மருமகன் போதகரானார். அதையொட்டித்தான் ஆல்பர்ட்டா சபையின் பாடகர் குழுவை உருவாக்கி, ஆர்கன் பெஞ்சில் உட்கார்கிறார். 1970கள்வரை, ஏறக்குறைய 40 வருடம். வாரத்துக்கு ஒரு ஞாயிறு என்று வைத்தாலே 2,000 ஞாயிறுகளைத் தாண்டுகிறது. நான் 16 வருடமாக வாசிக்கிறேன், இப்போதே ஞாயிறு காலையில் முதுகு வலிக்கிறது.

கொயர் நடத்துவது என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு பாட்டுக்கு நாலு குரல். சோப்ரானோ என்கிற பெண்களின் மேல்குரலுக்கு ஆள் அதிகம், டெனர் என்கிற ஆண்களின் மேல்குரலுக்கு ஆளே இருக்காது. பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவில் ஒருவர் எப்போதும் பாட்டின் முதன்மை மெட்டுக்குத் தாவிவிடுவார். தனிப்பாட்டு யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருவர் முகம் சுருங்கும். நடத்துகிறவர் பாஸ்டரம்மாவாகவும் இருந்துவிட்டால், அந்தச் சுருங்கின முகம் நேராகப் பாஸ்டரிடம் போய் நிற்கும். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே, மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு மோரிஸ் பிரவுன் கல்லூரியில் படித்து 1938-இல் பி.ஏ. வாங்கினார்.

வீட்டில் பியானோ உண்டு. பிள்ளைகளுக்கு ஆசிரியர் வைத்துப் பாடம். பையன்கள் இருவருக்கும் அது பிடிக்கவே இல்லை. ஒருநாள் பியானோ ஸ்டூலின் கால்களைத் திருகிக் கழற்றி வைத்துவிட்டார்கள். ஆசிரியர் வந்து உட்கார்ந்தார், ஸ்டூல் சரிந்தது, அவரும் கீழே. அக்கா கிறிஸ்டின் வயதான பிறகும் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது. பின்னால் அமெரிக்காவையே எழுப்பி உட்கார வைத்தவர், முதலில் ஒரு வாத்தியாரைத் தரையில் உட்கார வைத்திருக்கிறார்.

பியானோதான் கசந்தது, பாட்டு இனித்தது. குட்டி மார்ட்டின் சபையில் எழுந்து பாடுவான், அம்மா கூட வாசிப்பார். வேறு சபைகளுக்கும் இருவரும் போய்ப் பாடியிருக்கிறார்கள். குழந்தைக்கு வாசிப்பது லேசான வேலை இல்லை. அது தாளத்தில் நிற்காது. ஒரு வரியில் ஓடும், அடுத்த வரியில் மூச்சு வாங்கும். நாம் அதை இழுத்துப் பிடிக்கக் கூடாது, பின்னாலேயே போக வேண்டும்.

ஒரு நிமிடம். இதோ என் கீபோர்டு, கீழே ஒரு கட்டை மட்டும் ஒட்டிக்கொள்ளும். இது ஆர்கன் சத்தம். கேளுங்கள், இடது கையை எடுக்காமல் பிடித்திருக்கிறேன். இப்போது ஒருவர் பேசுகிறார் என்று வையுங்கள். வாக்கியம் முடிகிற இடத்தில் வலது கையால் ஒரு சின்னப் பதில். அவர் குரல் ஏறினால் நாமும் ஒரு படி ஏறுகிறோம். கறுப்பின மக்களின் சபைகளில் பிரசங்கமும் ஆர்கனும் இப்படித்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், பிரசங்கமே பாட்டாக மாறிவிடும். தன் குரலுக்குப் பின்னால் அம்மாவின் விரல்கள் இருக்கின்றன என்று தெரிந்து வளர்ந்த பையன், பெரியவனாகி எங்கே நிறுத்துவது, எங்கே ஏற்றுவது என்பதை எங்கிருந்து எடுத்திருப்பான்? நான் ஆர்கன்காரி, என் பதில் ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும்.

இவரைப் புகழ்ந்துகொண்டே போகவும் மனம் வரவில்லை. 1939 டிசம்பர். அடிமைமுறைக் காலத்துத் தெற்கைப் பற்றிய 'கான் வித் த விண்ட்' படத்தின் முதல் காட்சிக்காக அட்லாண்டா நகரமே திருவிழாக் கோலம். அதையொட்டி வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமான ஒரு நடன விருந்தில் எபனேசர் கொயர் பாடியது. அடிமைகளைப் போல உடை உடுத்திக்கொண்டு. பத்து வயது மார்ட்டினும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அந்தப் படத்தில் நடித்த கறுப்பின நடிகர்களே முதல் காட்சிக்கு வர முடியாத ஊர் அது. மற்ற பாப்டிஸ்ட் போதகர்கள் கணவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். எனக்கும் அது நெருடுகிறது. ஆனால் இத்தனை பேர் நடுவே தன் கொயர் பாடப்போகிறது என்கிற ஆசை ஒரு கொயர் நடத்துகிறவரை எவ்வளவு தூரம் தள்ளும் என்று எனக்குத் தெரியும், அதனால் கல்லெறியவும் கை எழவில்லை.

அதே அம்மாதான், கூட விளையாடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பையன் "இனிமேல் உன்னோடு விளையாடக் கூடாதாம்" என்று விலகியபோது, ஆறு வயது மகனை உட்காரவைத்து அடிமைமுறை முதல் அன்றைய பாகுபாடு வரை எல்லாவற்றையும் சொன்னவர். சொல்லி முடித்துவிட்டு, நீ யாருக்கும் குறைந்தவன் இல்லை என்றும் சொன்னார். அதை மகனே பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு கடிதம். 1948, மகன் பென்சில்வேனியாவில் குரோசர் இறையியல் கல்லூரியில் படிக்கிறார். உன் கடிதத்தில் சேதியே இல்லை என்று அம்மா குறைப்பட்டிருக்கிறார். அதற்கு மகன், நான் எங்கேயும் போவதில்லை, புத்தகம்தான் கதி என்று எழுதுகிறார். அப்படியே, நம் குடும்பம் பணக்காரக் குடும்பம் என்று யாரோ கிளப்பிவிட்டதால் பெண்கள் என்னைத் துரத்துகிறார்கள் என்று ஒரு பெருமையும். விடுதியில் இருக்கிற பிள்ளை அம்மாவுக்கு எழுதுவது எந்த ஊரிலும் இதே லட்சணம்தான் போல.

நேஷனல் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் என்பது கறுப்பின பாப்டிஸ்டுகளின் மிகப் பெரிய அமைப்பு. அதன் பெண்கள் பிரிவுக்கும் இவர்தான் ஆர்கன் வாசித்தார். 1960-இல் மகன் அட்லாண்டாவுக்கே திரும்பி வந்து அப்பாவோடு இணைப் போதகரானார். ஒரே மேடையில் கணவனும் மகனும், பக்கத்தில் ஆர்கனில் இவர்.

இனி வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நிதானமாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. 1968 ஏப்ரல் 4, மெம்பிஸில் மார்ட்டின் சுடப்பட்டார். சுடப்படுவதற்குச் சற்று முன்பு, மாடி முகப்பில் நின்று, அன்றிரவு கூட்டத்தில் வாசிக்க இருந்தவரிடம் ஒரு பாட்டைச் சொல்லி அதை அழகாக வாசிக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் ஜூலையில் இளைய மகன் ஏ.டி., தன் வீட்டு நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். அவரும் போதகர்தான். பதினைந்தே மாதத்தில் இரண்டு மகன்கள்.

அதற்குப் பிறகும் இந்த அம்மா ஆர்கனில் உட்கார்ந்தார். வீட்டில் சாவு விழுந்த பிறகு முதல் ஞாயிறு கட்டைகளில் கை வைப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். பாட்டின் வார்த்தைகளைக் கவனிக்கக் கூடாது. விரலை மட்டும் பார்க்க வேண்டும்.

1974 ஜூன் 30, ஞாயிறு. ஆர்கனில் பரமண்டல ஜெபத்தை வாசித்துக்கொண்டிருந்தார். 23 வயது இளைஞன் ஒருவன் எழுந்து சுட்டான். அவன் குறிவைத்து வந்தது கணவரை. ஆனால் பக்கத்தில் இருந்தது ஆல்பர்ட்டா. அவரும், டீக்கன் என்கிற சபை உதவி ஊழியர் ஒருவரும் இறந்தார்கள். சுட்டவனுக்கு மரண தண்டனை விதித்தார்கள். 1995-இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. குறைந்ததற்கு, மரண தண்டனையே வேண்டாம் என்று கிங் குடும்பம் நின்றதும் ஒரு காரணம்.

அந்தப் பழைய ஆலயம் இப்போது தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. போகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் மகனின் பிரசங்கத்தைக் கேட்கலாம். எல்லாரும் பிரசங்க மேடையைத்தான் பார்ப்பார்கள். நான் என்றைக்காவது போனால், ஆர்கன் இருந்த பக்கமாகப் பார்த்து உட்காருவேன், அவ்வளவுதான்.

கொயர் ஆட்கள் வந்துவிட்டார்கள், வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இந்தப் புத்தகங்களை எடுத்தாக வேண்டும், போன் விழப்போகிறது.