நெத்தி சுருங்குதா? அப்போ சந்தோஷப்படாதீங்க! வாய் கோணினா வார்டுல நாங்க முதல்ல பாக்குறது இதைத்தான்

ஒருத்தருக்கு காலையில எழுந்ததும் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கு. காபி குடிச்சா கடைவாயில வழியுது. அவர்கிட்ட "புருவத்தை மேல தூக்குங்க"ன்னு சொல்றோம், நெத்தியில ரெண்டு பக்கமும் அழகா கோடு விழுது. அப்பாடா, மேல் முகமாவது நல்லா இருக்கேன்னு தோணுதுல்ல? இல்ல மக்களே, அந்தக் கோட்டைப் பாத்தாதான் வார்டுல எங்களுக்கு வயித்தைக் கலக்கும்.

ஏன்னு சொல்றேன், ஸ்கிப் பண்ணாம பாருங்க.

வணக்கம், புதுச்சேரியிலேந்து பேசுறேன். நான் டாக்டர் இல்ல, நியூரோ வார்டுல 11 வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். ஸ்கேன் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே ஒரு டார்ச், ஒரு சின்ன சுத்தி, ஒரு சாவி, இதை வச்சே மூளையில எந்த இடத்துல கோளாறுன்னு பெரிய டாக்டருங்க சொல்றதை தினம் பக்கத்துல நின்னு பாக்குறேன், இன்னைக்கும் எனக்கு புல்லரிக்கும். வரலாறு ஒரே வரியில முடிச்சிடுறேன்: பிரெஞ்சுக்காரங்க 1823லயே நம்ம ஊர்ல ஒரு மருத்துவப் பள்ளி ஆரம்பிச்சாங்க, அந்த வழியில வந்ததுதான் இன்னைக்கு கோரிமேட்டுல இருக்கிற ஜிப்மர். சரி, மேட்டருக்கு வருவோம்.

தானே புயல் ஞாபகம் இருக்கா? 2011 டிசம்பர் 30 விடிகாலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறுச்சே, அது. கம்பம் எல்லாம் சாஞ்சு எத்தனை நாள் இருட்டுல கெடந்தோம்! இப்ப ஒரு மாடி வீட்டை நெனச்சுக்கோங்க. கீழ் போர்ஷனுக்கு ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர்லேந்துதான் கரண்ட். ஆனா மாடிக்கு மட்டும் ரெண்டு டிரான்ஸ்ஃபார்மர்லேந்தும் லைன் வருது. எல்லா லைனும் தெருமுனை கம்பத்துல சேர்ந்து, அங்கேந்து ஒரே சர்வீஸ் வயரா வீட்டுக்குள்ள போகுது.

இதுல ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சா என்ன ஆகும்? கீழ இருட்டு, மாடியில லைட் எரியும், ஏன்னா அதுக்கு இன்னொரு பக்கத்துலேந்து வருது. அதே, வீட்டுக்குப் போற சர்வீஸ் வயரே அறுந்தா? மாடி கீழ் ரெண்டுமே இருட்டு.

உங்க முகத்துல பாதி அந்த வீடு. மாடி நெத்தி, கீழ் போர்ஷன் வாய். டிரான்ஸ்ஃபார்மர் மூளையோட ரெண்டு பாதி. சர்வீஸ் வயர்தான் காதுக்குப் பின்னாடி எலும்புக்குள்ள ஒரு குறுகலான குழாய் வழியா வர்ற முக நரம்பு, நரம்பு வரிசையில ஏழாவது. இப்ப புரியுதா? வாய் கோணி, நெத்தி மட்டும் சுருங்குச்சுன்னா வயர் நல்லாத்தான் இருக்கு, வெடிச்சது டிரான்ஸ்ஃபார்மர். அதாவது பக்கவாதம், ஸ்ட்ரோக். நெத்தியும் சுருங்கல, கண்ணும் மூடல, வாயும் கோணியிருக்குன்னா பெரும்பாலும் வயர்லதான் வீக்கம், அதைத்தான் முகவாதம்னு சொல்றோம், டாக்டருங்க பெல்ஸ் பால்சின்னு எழுதுவாங்க. பாக்க பயங்கரமா இருக்கிறதுதான் பெரும்பாலும் சில வாரத்துல, சில மாசத்துல சரியாகுது. லேசா தெரியுறதுதான் ஆளைச் சாய்க்குது.

(இந்த இடத்துல வீடியோவை நிறுத்தி கண்ணாடி முன்னாடி புருவத்தைத் தூக்கிப் பாருங்க, நானும் செய்யறேன்.)

எங்க பெரியப்பா கதையை சொல்லியே ஆகணும். கடலூர் முதுநகர்ல இருந்தாரு. ஒருநாள் காலையில இட்லி சாப்பிடும்போது சாம்பார் வாயோரத்துல வழிஞ்சிருக்கு. "ராத்திரி பஸ்ல ஜன்னல் சீட்ல வந்தாரு, காத்து அடிச்சிடுச்சு"ன்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டாங்க. பக்கத்துல ஒரு கிளினிக், பேரு வேணாம், அங்க நெத்தியைப் பாக்காம சத்து ஊசி போட்டு, பலூன் ஊதச் சொல்லி அனுப்பிட்டாங்க. சாயங்காலம் எனக்கு போட்டோ வந்துச்சு. உடனே வீடியோ கால் போட்டு "பெரியப்பா, புருவத்தை தூக்குங்க"ன்னேன். தூக்கினாரு. மூணு கோடு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. எனக்கு கை சில்லுன்னு ஆயிடுச்சு.

மூளைக்குப் போற ரத்தக்குழாயை அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை பொதுவா முதல் அறிகுறி தெரிஞ்சதிலேந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். பெரிய ரத்தக்குழாய் அடைச்சிருந்தா சிலருக்கு மட்டும் 24 மணி நேரம் வரைக்கும்கூட குழாய் விட்டு கட்டியை எடுக்க வாய்ப்பு இருக்கு. அவருக்கு ரெண்டுமே இல்லன்னு ஆயிடுச்சு. பத்து மணி நேரம் போயிருந்துச்சு, அடைச்சதும் சின்ன குழாய்.

ஆனா அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் பாத்த ஒண்ணு இருக்கு, இதுக்காகவே தனி வீடியோ போடலாம். டாக்டர் "பல்லைக் காட்டுங்க ஐயா"ன்னாரு, வாய் ஒரு பக்கம்தான் இழுத்துச்சு. அந்த நேரம் பாத்து அவரோட பேத்தி உள்ள வந்து "தாத்தா, உன் செருப்பை நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு"ன்னா. சிரிச்சாரு பாருங்க, முழு வாயும் சிரிச்சுது! ரெண்டு பக்கமும்! எல்லாரும் சரியாயிடுச்சுன்னு கத்துறாங்க, டாக்டர் மட்டும் தலையாட்டுறாரு. வேணும்னு செய்யற அசைவுக்கு மூளையில ஒரு பாதை, தானா பொங்கி வர்ற சிரிப்புக்கு வேற பாதை, ஒண்ணு அடைபட்டாலும் இன்னொண்ணு சில பேருக்கு திறந்தே இருக்கும். நர்சிங் புக்குல படிச்சது, கட்டில்ல சொந்தப் பெரியப்பா மூஞ்சியில பாக்கும்போது என்ன சொல்றதுன்னே தெரியல.

ஒரு எச்சரிக்கை: நெத்தி டெஸ்ட்டை வச்சு நீங்களே வீட்டுல தீர்ப்பு சொல்லாதீங்க. மூளைத்தண்டுல நரம்பு கெளம்புற இடத்துலயே, அதாவது நம்ம தெருமுனை கம்பத்துலயே, ஸ்ட்ரோக் வந்தா நெத்தியும் சேர்ந்து விழும். வாய் கோணுச்சா, மணி பாத்து குறிச்சுக்கிட்டு 108க்கு போன். அவ்ளோதான். வெறும் முகவாதமா இருந்தாலும் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன், அதனால சீக்கிரம் வந்தா நஷ்டம் ஒண்ணுமில்ல. கண்ணை மறந்துடாதீங்க: இமை மூடாததால கருவிழி காஞ்சு புண்ணாயிடும், பகல்ல சொட்டு மருந்து, ராத்திரி ஆயின்ட்மென்ட் போட்டு இமையை டேப் ஒட்டி மூடணும். அந்த பேஷன்ட்ட கண்ணை மூடச் சொன்னா விழி மேல உருண்டு வெள்ளை மட்டும் தெரியும், சொந்தக்காரங்க சாமி வந்துடுச்சுன்னு பயப்படுவாங்க. நம்ம எல்லாருக்குமே கண்ணை மூடும்போது பெரும்பாலும் விழி அப்படித்தான் மேல போகுது, இமை மறைக்கிறதால தெரியல.

மத்ததை வேகமா சொல்றேன். இமை தொங்குது, விழி வெளிப்பக்கமா கீழ இறங்கி நிக்குது, கண்பாப்பா பெருசா விரிஞ்சு டார்ச்சுக்கு சுருங்கல, கூடவே தலைவலின்னா அது எமர்ஜென்சி, மூளை ரத்தக்குழாய்ல புடைப்பு மூணாவது நரம்பை அமுக்கலாம். சக்கரை வியாதியால அதே நரம்பு அடிபட்டா பெரும்பாலும் பாப்பா மட்டும் தப்பிச்சுக்கும்.

இமை காலையில சரியா இருந்து சாயங்காலம் தொங்குதா? கையுறைக்குள்ள ஐஸ் போட்டு மூடின கண்ணு மேல ரெண்டு நிமிஷம் வப்பாங்க. எடுத்ததும் இமை ஜம்முனு மேல நின்னா மயஸ்தீனியாவா இருக்கலாம், அதாவது நரம்பும் தசையும் சேர்ற இணைப்பு சரியா வேலை செய்யாத நோய். குளிர்ல அந்த இணைப்பு நல்லா வேலை செய்யும். ஐஸ் வச்சு ஒரு நோயைப் பிடிக்கிறாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட்!

சாவி எதுக்குன்னு கேட்டீங்கள்ல? உள்ளங்கால்ல குதிகால்லேந்து வெளி ஓரமா மேல கீறுவாங்க. கட்டைவிரல் கீழ மடங்கினா நல்லது, மேல எழும்பினா மூளையிலயோ தண்டுவடத்துலயோ அசைவுக்கான நரம்புப் பாதை அடிபட்டிருக்கு. பாரிஸ்ல பாபின்ஸ்கின்னு ஒரு டாக்டர் 1896ல சொன்னது, அப்ப நம்ம புதுச்சேரியும் அவங்க ஆட்சியிலதான் இருந்துச்சு. கைக்குழந்தைக்கு விரல் மேல போகும், அது சகஜம், வீட்டுல கீறிப் பாத்துட்டு பயந்து எனக்கு கமெண்ட் போடாதீங்க.

கடைசியா, தவளக்குப்பம் கண் ஆஸ்பத்திரிக்கு கண்ணாடி பவர் பாக்கப் போறோம், சொட்டு மருந்து போட்டு கண்ணுக்குள்ள பாக்குறாங்களே, அங்க தெரியற பார்வை நரம்பு மூளையோடவே நீட்சி, மூளையைச் சுத்தியிருக்கிற உறைதான் அதையும் சுத்தியிருக்கு. மண்டைக்குள்ள அழுத்தம் ஏறினா அந்த நரம்போட முனை வீங்கும். தினம் காலையில தலைவலி, வாந்தின்னா அந்த செக்கப்பை தள்ளிப்போடாதீங்க.

உங்க ஊர்ல வாய் கோணினா என்ன பேரு சொல்லுவாங்க, என்ன வைத்தியம் பண்ணுவாங்கன்னு கீழ எழுதுங்க, ஒண்ணு விடாம படிப்பேன். அடுத்த வீடியோ, கருவிழி ஓரத்துல செம்பு படிஞ்சு பழுப்பு வளையம் விழுற வில்சன் நோய். சின்ன வயசுப் பசங்களுக்கு கை நடுங்கினா அதை ஏன் கண்ணுல தேடுறாங்கன்னு சொல்றேன்.