மாதவி கேட்ட நான்கு வரிகள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் எதிர்வீட்டுச் சீனப் பெரியவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது. பிக்குகள் சூத்திரம் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மனைவி என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். எங்கள் இருவருக்கும் பொதுமொழி மலாய். “ஓதுவது எனக்கும் முழுதாகப் புரியாது. ஆனால் கேட்கக் கேட்க நெஞ்சு ஆறுகிறது” என்றார். அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் மணிமேகலையை எடுத்துப் புரட்டினேன். நான் தேடியது மாதவியை.

கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு நொறுங்கிப்போன மாதவி, பௌத்தத் துறவி அறவண அடிகளின் காலில் விழுந்து அழுகிறாள். அவர் அவளுக்குச் சொல்வது நான்கே வரிகள். பிறந்தவர் அடைவது பெருகிய துன்பம். பிறவாதவர் அடைவது பேரின்பம். முன்னது பற்றினால் வருவது. பின்னது பற்று அற்றவருக்கு வாய்ப்பது. பௌத்தத்தின் அடித்தளமான நான்கு வாய்மைகளும் இதற்குள் அடங்கிவிட்டன. துக்கம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது நீங்கும், நீங்குவதற்கு வழியும் உண்டு. கொல்லாமை, திருடாமை, பிறழ்ந்த காமம் கொள்ளாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை என்ற ஐவகைச் சீலத்தையும் அடிகள் உடனே காட்டிவிடுகிறார். அழுதுகொண்டிருப்பவளுக்கு நாளைக் காலையில் எழுந்து செய்ய ஒரு வேலை வேண்டும் அல்லவா?

பௌத்தம் வாழ்க்கையை வெறுக்கச் சொல்லும் சமயம் என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. துன்பம் எங்கிருந்து முளைக்கிறது என்று அது எவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறது தெரியுமா? பன்னிரண்டு கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியை மணிமேகலை தமிழிலேயே பெயரிட்டு அடுக்குகிறது. அதன் நடுவே ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று நான்கு வருகின்றன. ஊறு என்றால் தொடுகை. நுகர்வு என்றால் அதனால் எழும் உணர்ச்சி. தொடக்கநிலை ஆறாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் காதில் விழுகிறது. அது ஊறு. உள்ளே சுருக்கென்கிறது. அது நுகர்வு. நம் பிள்ளைக்கும் அது வேண்டும் என்று மனம் தாவுகிறது. அது வேட்கை. அந்த எண்ணை விடவே முடியாமல் பிடித்துக்கொண்டு, இரவு முழுவதும் பிள்ளையிடம் முகம் கொடுக்காமல் இருக்கிறோமே, அதுதான் பற்று. சுருக்கென்பதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் சுருக்கென்பதற்கும் தாவுவதற்கும் இடையில் ஒரு சிறிய இடைவெளி இருக்கிறது. தியானம் என்று புத்தர் கற்பித்ததெல்லாம் அந்த இடைவெளியில் விழிப்போடு நிற்கும் பயிற்சி என்றே நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

மரபுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கை, மியன்மார், தாய்லாந்து வழியில் வந்தது தேரவாதம், சீன பௌத்தர் பெரும்பாலோர் பின்பற்றுவது மகாயானம், திபெத்தியருடையது வச்சிரயானம். மூன்றுக்கும் சிங்கப்பூரில் ஆலயங்கள் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கே 15 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 31 விழுக்காட்டினர் பௌத்தர்கள்.

வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்குப் பக்கத்திலேயே குவான் யின் ஆலயம் இருக்கிறது. அங்கே கும்பிட்டுவிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணன் சந்நிதி முன்னும் ஊதுவத்தி ஏற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குவான் யின் யார்? இந்தியாவிலிருந்து போன, பௌத்தர் கருணையின் வடிவமாக வணங்கும் அவலோகிதர்தான் சீனாவில் காலப்போக்கில் பெண்வடிவம் பெற்றார். அந்த அவலோகிதரிடம்தான் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று, பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூல் கூறுகிறது. இதைப் படித்த நாள் முதல் அந்தத் தெருவை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை. அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் எழுந்தது. கட்டியவர் நம் கடல்பகுதியை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அளித்தவர் ராஜராஜ சோழன்.

கடந்த விசாக தினத்தன்று எதிர்வீட்டு அம்மாவோடு ரேஸ் கோர்ஸ் சாலையில் உள்ள சாக்கிய முனி புத்த கயா ஆலயத்திற்குப் போயிருந்தேன். தாய்லாந்துத் துறவி ஒருவர் 1927இல் நிறுவியது. 15 மீட்டர் உயரத்தில் புத்தர் அமர்ந்திருக்கிறார். பின்புறம் ஒரு சிறிய அறைக்குள் சாய்ந்து கிடக்கிறார். அந்த அறையில் நின்று மாதவியின் நான்கு வரிகளை எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். பற்று என்பதற்குச் சட்டென்று சொல் கிடைக்கவில்லை. கையை இறுக மூடித் திறந்து காட்டினேன். அவரும் தன் கையை மூடித் திறந்து பார்த்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து, “பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள்?” என்று கேட்டார்.

துறவியானாள் என்றேன். அவளுடைய மகளுக்கு ஓர் அமுதசுரபி கிடைத்தது. ஊரில் பசித்தவர்க்கெல்லாம் அவள் சோறிட்டாள். அரசனிடம் கேட்டுச் சிறைச்சாலையையே அறக்கோட்டமாக மாற்றினாள் என்றேன்.