டின் டப்பா 1810, ஓப்பனர் 1858! நடுவுல என்னதான் பண்ணினாங்க?

(திரையில்: ஒரு தகர டப்பா, பக்கத்துல உளியும் சுத்தியலும்)

ஆமாங்க, உளியும் சுத்தியலும்தான்! டின்னுக்கு இங்கிலாந்துல பீட்டர் டுராண்ட் காப்புரிமை வாங்கினது 1810. ஓப்பனருக்கு அமெரிக்காவுல எஸ்ரா வார்னர் வாங்கினது 1858. முதல்ல வந்த டின் எல்லாம் கனத்த இரும்பு. தகடு மெலிஞ்ச பிறகுதான் கையால வெட்டுற கருவிக்கே வேலை வந்துச்சு.

இதுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம்? அறிவியல், தொழில்நுட்பம், சமூகம்னு முக்கோணம் வரைஞ்சு, ரெண்டு பக்கமும் அம்புக்குறி போட்டு, "ஒன்றையொன்று பாதிக்கும்"னு எழுதினா பாடம் முடிஞ்சுதுன்னு நினைக்கிறோமே, அதுக்குத்தான் இந்த டப்பா.

ஐந்து அட்டை வெட்டி, ஒவ்வொண்ணுலயும் இதுல ஒண்ணை எழுதுங்க. போர்ப் படைக்குக் கெடாத சாப்பாடு தேவை. கண்ணாடி பாட்டில்ல அடைச்சுக் கொதிக்க வைக்கிற முறைக்கு நிக்கோலா அப்பேருக்குப் பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் கொடுத்தது. டின். ஓப்பனர். கடைசியா, கெட்டுப்போறதுக்குக் காரணம் நுண்ணுயிர்னு லூயி பாஸ்டர் காட்டினது. நாலு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கட்டு, எட்டு நிமிஷம், கால வரிசையில அடுக்கணும்.

அட்டையில வருஷம் போட்டுடாதீங்க! போட்டா அது எண்களை அடுக்குற விளையாட்டுதான். முன்கூட்டியே விளக்கிடாதீங்க, அவங்க சண்டை போடட்டும். பெரும்பாலும் பாஸ்டர் அட்டைதான் முதல்ல போய் உட்காரும். "அறிவியல் தெரியாம எப்படி பதப்படுத்த முடியும்?"னு கேட்பாங்க. அப்போ வருஷத்தைச் சொல்லுங்க: அப்பேருக்குப் பணம் 1810, பாஸ்டர் சோதனைகள் 1860 வாக்குல. அரை நூற்றாண்டு, காரணம் தெரியாமலே சாப்பாடு கெடாம இருந்திருக்கு!

அடுத்து, அட்டைகளுக்கு நடுவுல அம்புக்குறி. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு வினைச்சொல் கட்டாயம்: பணம் கொடுத்தது, விளக்கியது, மெலிதாக்கியது. "பாதித்தது"ன்னு எழுதினா திருப்பிக் கொடுத்துடுங்க, இரக்கமே வேண்டாம்.

இங்கேதான் ஒரு வழுக்கல். "ஓ, தொழில்நுட்பம்தான் எப்பவும் முதல்ல"ன்னு அந்தப் பக்கம் சாய்ஞ்சிடுவாங்க. உடனே வானொலியை எடுத்துப் போடுங்க: மின்காந்த அலை இருக்கும்னு சொன்ன மேக்ஸ்வெல் கோட்பாடு 1865, ஹெர்ட்ஸ் அந்த அலையைச் சோதனையில காட்டினது 1880-கள், மார்க்கோனியோட வானொலி சிக்னல் அட்லாண்டிக் தாண்டினது 1901. இங்கே கோட்பாடுதான் முந்திக்கிச்சு.

மதிப்பீட்டுக்கு "வரமா சாபமா" கட்டுரை மட்டும் வேண்டவே வேண்டாம். யார் பணம் போட்டாங்க, யார் முடிவெடுத்தாங்க, யாருக்கு நஷ்டம்? இந்த மூணு கேள்வி போதும்.

உங்க வகுப்புல பாஸ்டர் அட்டை எத்தனாவது இடத்துக்குப் போச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோல சைக்கிள் டயர்!