சிசு மரணமும் பேறுகால மரணமும்: இரண்டு அளவுகோல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நாட்டு மக்களின் உடல்நலத்தை மதிப்பிட முனைவோர், மருத்துவமனைகளின் எண்ணிக்கையைவிட, ஓராண்டு நிறைவதற்குள் இறந்துபோகும் குழந்தைகளையும் பிள்ளைப்பேற்றில் உயிரிழக்கும் பெண்களையுமே முதலில் கணக்கெடுக்கிறார்கள். உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறப்பவை எத்தனை என்பது சிசு மரண விகிதம். கர்ப்ப காலத்திலோ, அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பம் அல்லது பிரசவம் சார்ந்த காரணங்களால் இறக்கும் பெண்களை, உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு இத்தனை பேர் என்று கணக்கிடுவது பேறுகால மரண விகிதம்.

இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இவை அளப்பது ஒன்றையே அல்ல. இங்கிலாந்தில் 1900ஆம் ஆண்டளவில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 150 பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். தூய குடிநீரும் கழிவுநீர் வடிகாலும் நல்ல பாலும் பரவியதால், 1930களின் நடுவில் அது 60ஐ ஒட்டிக் குறைந்தது. அதே காலத்தில் பேறுகால மரணமோ லட்சத்துக்கு 400ஐ ஒட்டியே நின்றது; பெரிதாகக் குறையவே இல்லை. வசதியான குடும்பத்துப் பெண்களும், பிரசவத்தையொட்டிக் கிருமித்தொற்றால் வரும் பிரசவக் காய்ச்சலுக்குத் தப்பவில்லை. 1930களின் பிற்பகுதியில், கிருமித்தொற்றை அடக்கும் சல்ஃபோனமைடு மருந்துகளும், பின்னர் பெனிசிலினும் இரத்தம் ஏற்றும் வசதியும் வந்த பிறகுதான் அது வேகமாகச் சரிந்தது. சிசு மரணத்தில் பெரும்பங்கு வீட்டின் வறுமையையும் தெருவின் சுகாதாரத்தையும் காட்டுகிறது. தாயின் மரணமோ, ஆபத்து நேர்ந்த அந்த நேரத்தில் தேர்ந்த கைகள் அருகில் இருந்தனவா என்பதைக் காட்டுகிறது. ஆகவே, ஒன்று குறைந்ததைக் காட்டி மற்றதும் சரியாகிவிட்டது என்று கருதுவது ஆபத்தானது.

சிசு மரணத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் கட்டுக்குள் வரவர, எஞ்சும் மரணங்கள் முதல் 28 நாட்களில் குவிகின்றன. 2022இல் உலகெங்கும் ஐந்து வயதுக்குள் இறந்த சுமார் 49 லட்சம் குழந்தைகளில் 23 லட்சம் பேர் அந்த நாட்களைக்கூடத் தாண்டவில்லை. குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், கிருமித்தொற்று ஆகிய இக்காரணங்கள், தாயின் பராமரிப்பிலிருந்து பிரிக்க முடியாதவை.

2023இல் உலகில் சுமார் 2,60,000 பெண்கள் பேறுகாலத்தில் இறந்தார்கள் என்பது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு, லட்சத்துக்கு 197 பேர். 2030க்குள் இதை 70க்குக் கீழே கொண்டுவருவது உலக நாடுகள் ஏற்ற இலக்கு. பிரசவத்துக்குப் பின் கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு, நல்ல ஆரோக்கியமுள்ள பெண்ணையும் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். குழந்தை பிறந்தவுடன் போடும், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் ஊசி இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கிறது. இத்தனை தெரிந்த பிறகும் நிகழும் இம்மரணங்களை விதி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

நாட்டின் சராசரியும் பலவற்றை மறைத்துவிடும். செல்வ நாடான அமெரிக்காவில் பேறுகால மரணம் மற்றப் பணக்கார நாடுகளைவிட அதிகம். அங்கேயும் கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளையினப் பெண்களுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எனவே இன்னாருக்கு, இந்த வட்டாரத்தில், இந்தக் காரணத்தால் என்று பிரித்து வெளியிடாத விகிதம் பாதிக் கணக்குதான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952 முதல், பேறுகால மரணங்களை நிபுணர்கள் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து அறிக்கை தருகிறார்கள். தனியொருவரைக் குற்றவாளியாக்குவது அதன் நோக்கமல்ல. உதவி நாட முடிவெடுக்கத் தாமதமா, வந்து சேரத் தாமதமா, வந்த பின் சிகிச்சையில் தாமதமா என்று இறந்த ஒவ்வொரு தாயைக் குறித்தும் எல்லா நாடுகளும் இவ்வாறு விசாரித்து, விடையைப் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும்.