முகமூடியைக் கழற்றியவர்கள் போட்டுக்கொண்ட முகமூடி

நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு குழந்தைகள் படத்தைப் பற்றிப் பேச மேடை வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றட்டும், பரவாயில்லை. ஸ்கூபி-டூ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரை வைத்து 2004-இல் வந்த இரண்டாம் படத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ராஜா கோஸ்னெல் இயக்கியது, ஜேம்ஸ் கன் எழுதியது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மோசமான படங்களுக்கென்றே கொடுக்கிற ராஸி விருதில், 'மிக மோசமான ரீமேக் அல்லது இரண்டாம் பாகம்' என்ற பட்டத்தையும் இதன் தலையில் கட்டினார்கள். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. 35 வருஷமாக அந்தக் கார்ட்டூன் கேட்காமலே விட்ட ஒரு கேள்வியை இந்தப் படம் கேட்டது.

அது என்ன கேள்வி என்று சொல்ல, முதலில் கார்ட்டூனுக்குப் போக வேண்டும். 1969 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதற்குச் சற்று முன்னால், சனிக்கிழமை காலைக் கார்ட்டூன்களில் அடிதடி மிஞ்சிப்போகிறது என்று பெற்றோர்கள் சண்டைக்கு நின்றார்கள். அதனால் யாரும் யாரையும் அடிக்காத ஒரு தொடர் தேவைப்பட்டது. ஹன்னா-பார்பரா நிறுவனத்துக்காக ஜோ ரூபியும் கென் ஸ்பியர்ஸும் மர்மங்களைத் துப்பறிகிற நாலு பிள்ளைகள், ஒரு நாய், ஒரு வேன் என்று கதையை அமைத்தார்கள். நாயை வரைந்தவர் இவாவோ டகமோட்டோ. கூட வேலை பார்த்த, கிரேட் டேன் நாய் வளர்த்த ஒரு பெண்மணியிடம் நல்ல ஜாதி நாய்க்கு என்னென்ன லட்சணம் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு எல்லாவற்றையும் தலைகீழாக வரைந்தார்: நேரான முதுகுக்குப் பதில் கூன், நேரான காலுக்குப் பதில் கோணல் கால். பேயைக் கண்டால் முதலில் ஓடுகிற ஸ்கூபி என்ற அந்தப் பயந்தாங்கொள்ளி நாய் அப்படித்தான் பிறந்தது.

ஒவ்வொரு வாரமும் ஒரு பேய் வரும். பிடித்து முகமூடியைக் கழற்றினால் உள்ளே நமக்குத் தெரிந்த ஒரு மனுஷன் இருப்பான். முதல் கதையிலேயே கறுப்புக் கவச வீரனின் பேய் என்று ஊரை மிரட்டியவர், அருங்காட்சியகப் பொறுப்பாளர் விக்கில்ஸ். ஓவியங்களைத் திருடிவிட்டுப் போலிகளை மாட்டிவைத்தவர். மாட்டிக்கொண்டார், கதை முடிந்தது, அடுத்த வாரம் வேறு பேய். சரி, அந்த விக்கில்ஸ் அப்புறம் என்ன ஆனார்?

இதைத்தான் படம் கேட்டது. கூல்ஸ்வில் என்ற ஊரில், இந்தப் பிள்ளைகள் பிடித்த பேய்களின் உடுப்புகளையெல்லாம் வைத்து ஓர் அருங்காட்சியகம் திறக்கிறார்கள். திறப்பு விழா அன்றே ஓர் உடுப்பு உயிர் பெற்று எழுந்து எல்லாவற்றையும் துவம்சம் செய்கிறது. ஊரே கைதட்டிய கூட்டத்தை மறுநாளே ஊர் ஏசுகிறது. சந்தேகம் முதலில் யார் மேல் போகிறது? அதே விக்கில்ஸ் மேல். ஒரு தடவை தப்பு செய்தவன்தானே! ஆனால் இந்தத் தடவை அவர் மேல் தப்பே இல்லை. சிறுவர் படத்தில் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

இன்னொரு காட்சி இருக்கிறது. இவர்களிடம் பிடிபட்டுத் தண்டனை அனுபவித்துவிட்டு வந்த பழைய ஆட்களெல்லாம் கூடுகிற ஒரு மதுக்கடை. அங்கே துப்பறிய, நாலு பிள்ளைகளில் ஒருவனான ஷாகியும் ஸ்கூபியும் மாறுவேஷத்தில் போகிறார்கள், நாய் தலையில் ஒரு பெரிய சுருட்டைமுடி விக். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் முகமூடியைக் கழற்றியவர்கள், தங்களிடம் முகமூடியைப் பறிகொடுத்தவர்கள் முன்னால் தாங்களே வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஸ்கூபி ஆட்டம் போடப் போய் வேஷம் கலைகிறது, கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. நாம் சிரிக்கிறோம். சிரிக்கும்போதே, அங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவனுக்கும் இந்த நாய் மேல் கோபம் இருப்பதில் ஒரு நியாயமும் தெரிகிறது.

இதைப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் எல்லோருமே வேஷத்தில் இருப்பது தெரியும். நால்வரில் ஒருத்தியான வெல்மா, கூல்ஸ்வில் அருங்காட்சியகப் பொறுப்பாளர் பேட்ரிக்குக்குப் பிடிக்க வேண்டும் என்று, உடம்பை இறுக்கிப் பிடிக்கிற ஓர் உடையைப் போட்டுக்கொண்டு தவிக்கிறாள். லிண்டா கார்டெல்லினி அந்தத் தவிப்பை அவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார். கூட்டத்தில் இன்னொருவனான ஃப்ரெட் சொன்ன வார்த்தைகளை ஹெதர் என்ற செய்தியாளர் வெட்டி ஒட்டி, அவன் ஊரையே திட்டியதுபோல் ஒளிபரப்புகிறாள். அதாவது அவனுக்கு வேறொருத்தி முகமூடி மாட்டிவிடுகிறாள். ஷாகியும் ஸ்கூபியும் எப்போதும் சொதப்புகிறவர்கள் என்று பெயர் வாங்கி மனசு நொந்து, கெட்டிக்காரத் துப்பறிவாளர்களாக நடித்துப் பார்க்கிறார்கள்.

குறை இல்லையா? இருக்கிறது. பேய்கள் நிஜமாகவே உயிர் பெறுகிற பகுதி எனக்கு உவப்பில்லை. பேய் என்று ஒன்று கிடையாது, பின்னால் ஆள் இருக்கிறான் என்பதுதான் அந்தத் தொடர் பிள்ளைகளுக்குக் கொடுத்த தைரியம். 2002-இல் வந்த முதல் படம் அதை மொத்தமாகக் கைவிட்டது. இரண்டாம் படம் பாதியாவது மீட்டது: அரக்கர்களை உண்டாக்கியவன் மனுஷன், காரணம் பழிவாங்கல். கடைசியில் அந்த ஆளின் முகமூடியைக் கழற்றினால் ஹெதர் முகம். அதையும் வெல்மா பிடித்து இழுத்தால் உள்ளே, இவர்களிடம் முன்பு பிடிபட்டு, இறந்துபோனதாக எல்லோரும் நம்பிய ஜக்கோபோ என்ற பழைய குற்றவாளி. முதல் முகத்தோடு திருப்திப்பட்டுவிடாத இந்த இடத்துக்காகவே நான் அந்த ராஸி பட்டத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதல் படம் உலகம் முழுக்க 27 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இது 18 கோடி அளவில் நின்றுவிட்டது. மூன்றாவது படத்தைக் கைவிட்டார்கள். ஆனால் ஷாகியாக நடித்த மேத்யூ லில்லார்டை அந்தக் கார்ட்டூன் விடவில்லை. பழைய ஷாகியின் குரலான கேஸி கேஸம் விலகிய பிறகு அந்தக் குரல் இவரிடம் வந்தது, 2010-இல் தொடங்கிய தொடரில் ஷாகிக்கு இவரே பேசினார். இந்த இரண்டு படத்திலும் இல்லாத நாயைப் பார்த்து அவர் பேசிய விதத்தைக் கவனித்தால் ஏன் என்று புரியும். படப்பிடிப்பில் அங்கே வெறும் காற்றுதான், நாயைப் பிறகு கணினியில் சேர்த்தார்கள்.

இந்த விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஹெதரின் முகம் தெரிந்ததும் படத்தை நிறுத்தி, "ஆள் இவள்தானா?" என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் பதில் சொன்ன பிறகு ஓடவிடுங்கள். நன்றி, வணக்கம்.