வேலை முடிந்து வரும் ஆட்டக்காரர்கள்

அவைத்தலைவர் அவர்களே, வேலை நாளென்றும் பாராமல் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

அரைத்தொழில்முறைக் காற்பந்து லீக்கில் ஒரு பருவம் எப்படி நடக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். செமி-புரோ என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு இரண்டாந்தரம் என்ற எண்ணம்தான் வருகிறது. வேறு வேலை பார்த்துக்கொண்டே சம்பளத்துக்கு ஆடுவதுதான் செமி-புரோ. அந்த எண்ணத்தை முதலில் களைய விரும்புகிறேன். நம் மலேசியாவின் முதல்நிலை லீக்கே 1989 முதல் 1993 வரை ஐந்து பருவங்கள் செமி-புரோ லீக்காகத்தான் நடந்தது. 1994-இல்தான் முழுத் தொழில்முறையாக மாறியது. அதற்கும் முந்திய காலத்தில் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலையை முடித்துக்கொண்டு திடலுக்கு வந்தவர்களே நாட்டுக்காக ஆடினார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நம் அணிக்காக ஆடிய எம். சந்திரன், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகம் ஆகியோரின் காலம் அதுதான். வேலையையும் பந்தையும் ஒருசேரச் சுமப்பது நம் காற்பந்தின் பழைய இயல்பு என்று சொல்வதில் எனக்குப் பெருமையே.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019-இல் எம்3 என்ற பெயரில் மூன்றாம் நிலை செமி-புரோ லீக் தொடங்கியது. இரண்டாம் நிலையில் இருந்த பிரிமியர் லீக் 2022 பருவத்தோடு நிறுத்தப்பட்டது. முதல்நிலையான சூப்பர் லீக்குக்கும் கீழ்நிலை அணிகளுக்கும் இடையே இருந்த படி அதனால் காணாமற்போக, அந்த இடத்தை 2024-இல் ஏ1 செமி-புரோ லீக் நிரப்பியது. ஆகவே இன்று செமி-புரோ என்பது சூப்பர் லீக்குக்கு நேர் கீழே இருக்கும் படி.

நமக்கு நெருக்கமான கதையொன்று இதில் உண்டு. மிஃபா என்று நாம் அழைக்கும் மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணி 2016-இல், அப்போது மூன்றாம் நிலையில் இருந்த எஃப்ஏஎம் லீக்கை வென்று, 2017-இல் பிரிமியர் லீக்குக்கு ஏறி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் கால் வைத்தது. மூன்றாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு மூன்றே ஆண்டுகளில் வந்த அணி அது. 2021-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் முழுக்க உள்நாட்டினரைக் கொண்டே அது சூப்பர் லீக்கில் ஆடியதை நான் இன்றும் வியப்போடு நினைத்துப் பார்க்கிறேன். 2023 பருவம் தொடங்கும் முன்பே அந்த அணி லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. நம் பிள்ளைகளின் பெயர்களை வாரந்தோறும் தொலைக்காட்சியில் கேட்டுப் பழகிய வீடுகளில் அந்தச் செய்தி எப்படி இறங்கியது என்பதை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஒரு கீழ்நிலை அணிக்கு இரண்டு பருவங்கள் துணை நிர்வாகியாக இருந்தேன். அணியின் பெயர் இங்கே தேவையில்லை. பயிற்சி இரவு எட்டு மணிக்கு. ஏழே முக்காலுக்குத் திடலில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். மற்றவர்கள் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் கிள்ளானில் கிடங்கு வேலை பார்த்தார். மழைக்கோட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, இருக்கைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய காலணியை எடுப்பார். திடலோரச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, வலது கணுக்காலில் பட்டையை மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டுவார். பகல் முழுவதும் பெட்டி தூக்கிய கைகள் அப்போது லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். பயிற்றுநர் கூப்பிடும்போது முதலில் எழுந்து ஓடுபவரும் அவர்தான்.

கோலாலம்பூரில் மாலை மழையைக் கணக்கில் எடுக்காமல் ஆட்ட அட்டவணை போட முடியாது. இடி முழங்கினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். அரை மணி, முக்கால் மணி கழித்து, நீர் தேங்கிய திடலில் பந்து உருளுமா என்று உருட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் தொடங்குவார். நோன்பு மாதத்தில் ஆட்டம் இரவு வெகுநேரத்துக்குத் தள்ளிப்போகும். கிழக்குக் கரையில் ஆட்டமென்றால் பேருந்தில் ஓர் இரவு முழுவதும் பயணம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் வந்து இறங்குபவர்கள் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டும். விடுப்புக் கொடுக்காத முதலாளியால் ஓர் அணி தன் நல்ல மத்தியத் திடல் ஆட்டக்காரரை இழப்பது, காயத்தால் இழப்பதைவிட அதிகமாக நடப்பதை நான் பார்த்தேன்.

இவற்றையெல்லாம் அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். அவர்களால் தாங்க முடியாமற்போனது ஒன்றே ஒன்று: சம்பளம் நாளுக்கு வராதது. இரண்டாம் பருவத்தின் நடுவில், ஆதரவு தருவதாக மேடையில் கைகுலுக்கியவர் பின்வாங்கிவிட்டார். மூன்று மாதச் சம்பளம் நின்றது. அந்தக் கிடங்குத் தொழிலாளி ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, "அண்ணே, மோட்டார் தவணை ரெண்டு மாசம் பாக்கி. வண்டிய இழுத்துட்டுப் போய்ட்டா நான் பயிற்சிக்கு எப்படிண்ணே வருவேன்?" என்று கேட்டார். பணம் எப்போது வரும் என்று அவர் கேட்கவில்லை. எப்படி வருவேன் என்றுதான் கேட்டார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பருவத்தில் புள்ளிப் பட்டியலில் நாங்கள் சரிந்ததற்குத் தற்காப்பு வரிசையின் தவறுகளைப் பலர் காரணம் காட்டினார்கள். நான் அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மூன்று மாதங்களில்தான் நாங்கள் தோற்றோம்.

ஆகவே நம் சங்கங்களிடமும் வணிகர்களிடமும் நான் கேட்பது இதுதான். அணிக்கு உதவ முன்வருகிறவர்கள் பருவம் முழுவதற்குமான சம்பளத்தை முதல் ஆட்டத்துக்கு முன்பே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஐயாயிரம் ரிங்கிட் தருவதாகச் சொல்லி நான்காம் மாதம் கைவிரிப்பதைவிட, ஆயிரம் ரிங்கிட்டை மாதந்தவறாமல் தருவது அந்த ஆட்டக்காரரின் குடும்பத்துக்கு மேலானது. அவ்வளவுதான் முடியுமென்றால் அதற்கேற்ற சிறிய அணியை வையுங்கள். கீழ்நிலை லீக்கிலேயே ஆடுங்கள். விருந்து மண்டபத்தில் சீருடை அறிமுக விழா நடத்தும் செலவில் ஒரு மாதச் சம்பளம் அடங்கிவிடும். தொழிற்சாலை வைத்திருப்பவர்கள், உங்களிடம் வேலை பார்க்கும் ஆட்டக்காரருக்கு ஆட்ட நாள்களில் நேரமாற்றம் கொடுங்கள். அதற்குப் பணமே தேவையில்லை.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். பார்க்க வந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. சீருடைகளைத் திரும்ப வாங்கி எண்ணிக்கொண்டிருந்தேன். கிடங்குத் தொழிலாளி தன்னுடையதை அழகாக மடித்து என் கையில் கொடுத்தார். நின்றுபோன சம்பளத்தில் ஒரு பகுதி அப்போதும் அவருக்குப் பாக்கி இருந்தது. அடுத்த பருவத்துக்கான பயிற்சி எந்த மாதம் தொடங்கும் என்று கேட்டார்; இரவு வேலையில் போட வேண்டாம் என்று மேற்பார்வையாளரிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டுமாம்.

நன்றி, வணக்கம்.