பனியனில் விழுந்த கரி

(பட்டர்வொர்த்தில் சிலம்ப வகுப்பு ஆண்டு நிறைவு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, பல வேலைகளுக்கிடையே வந்து அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த கோயில் நிர்வாகத்தினரே, முன்வரிசை ஆசான்களே, காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். எந்தக் கலை கைகொடுக்கும், அதைப் பற்றி எப்படி வாதாடுவது, பெண்பிள்ளைகளை எப்படிச் சேர்ப்பது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்கு அப்போது இருபது வயது. சாப்பாட்டுக் கடையில், டோமோய் என்ற உதை-குத்துச் சண்டை பழகும் ஓர் அண்ணன், "சிலம்பம் திருவிழாவுக்குத்தான் ஆகும், சண்டைக்கு ஆகாது" என்றார். நான் கிளாசை வைத்த வேகத்தில் தே தாரேக் பாதி மேசையில். இருவரும் கத்தினோம். விஷயம் ஆசான் காதுக்குப் போனது. அவர் என்னைத் திட்டவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு வாங்க தம்பி" என்று அந்த அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார். வந்தவருக்கு முதலில் நாற்காலி. அப்புறம் கம்பின் இரு நுனியிலும் பழந்துணி சுற்றி, அடுப்புக்கரித் தூளில் புரட்டி என்னிடம் நீட்டினார். "பேசியது போதும். பனியனில் எத்தனை கறை என்று எண்ணுவோம்."

வணக்கம் போட்டு இறங்கினோம். எட்ட நின்று ஆடிய வரைக்கும் அவர் நெஞ்சிலும் தோளிலும் நான்கு கறை. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஐந்தாவது வீச்சில் அவர் உள்ளே புகுந்து, கம்பை அக்குளில் இடுக்கி, முழங்காலால் விலாவில் ஒன்று வைத்தார் பாருங்கள், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவரேதான் தூக்கிவிட்டார். ஆசான் சொன்னார்: "எட்டத்தில் கம்பு, கிட்டத்தில் முழங்கால். ரெண்டு பேரும் பாதிதான் சொன்னீங்க." அடுத்த வாரத்திலிருந்து அந்த அண்ணன் எங்களுக்குக் கிட்டச் சண்டை சொல்லிக்கொடுத்தார்.

ஜப்பானில் 1882-இல் கொடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோவும் இந்த வழிதான் போனார். ஆபத்தான அடிகளைத் தனியே ஒதுக்கினார். மற்றதை, எதிர்த்து நிற்கிற ஆளோடு பழகவைத்தார். வணங்கித்தான் தொடக்கம், வணங்கித்தான் முடிவு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நம் பிள்ளைகள் மேடையில் கம்பு சுற்றினால் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் எதிரில் ஆள் நின்று பழகியவர்கள் எத்தனை பேர்? பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளிலும் சனிக்கிழமை ஒரு மணி நேரம், எதிராளியைக் கம்பால் தொட்டுப் பழகும் தொடுமுறைச் சிலம்பம் வேண்டும். தலைக்கவசமும் நெஞ்சுக்கவசமும் வேண்டும். டத்தோ அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் சைகை காட்டுகிறார், சரி. பெண்பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். வாசல் மேசையில் ஒரு தாள் இருக்கிறது. சனிக்கிழமை வந்து சொல்லிக்கொடுக்க முடிந்தவர்கள் பெயர் எழுதுங்கள். டோமோய், மலாய்த் தற்காப்புக் கலையான சீலாட், கராத்தே பழகியவர்களும் எழுதுங்கள்.